மருதப்பன் அடி வாங்கும் சத்தம்

மருதப்பன் மறுபடியும் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் வாயைத் திறந்து, கன்னம் ரெண்டையும் உப்பி, இப்பத்தான் ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரி ஒரு விரலைத் தூக்கினான். அதற்குள் ஏகாம்பரத்தின் கை வந்து விழுந்தது, மருதப்பனின் பெருந்தலை ஒரு பக்கமாகச் சுழன்று நின்றது, அவ்வளவுதான், திரையில் வெள்ளை வெளேரென்று கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் இடது ஓரத்திலிருந்து ஒரு கோடு ஊர்ந்து வந்து வலது ஓரத்தைத் தொட்டது, மருதப்பன் மறுபடியும் திரும்பிப் பார்த்தான். காலையில் வந்து மைக் முன்னால் நின்றதிலிருந்து ஏகாம்பரத்துக்கு இதே பிழைப்பு. டப்பிங் தியேட்டரில் அப்படித்தான், பேசவேண்டிய துண்டை மட்டும் வெட்டி, முனையோடு முனை ஒட்டி, மாலை மாதிரி மெஷினில் மாட்டிவிடுவார்கள், லூப் என்று பேர், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், வாயும் குரலும் சேருகிறவரைக்கும் விடாது. திரையில் நிற்கிறவனுக்குச் சலிப்பே கிடையாது. அவன் கருமாதி முடிந்து வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பு இன்னும் வாடை போகவில்லை, இவன் இங்கே மேட்டூர் அணைப் பூங்காவில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு விரலைத் தூக்குகிறான். அவுட்டோரில் எடுத்தது, தண்ணீர் இரைச்சலில் ஒரு வார்த்தைகூட உருப்படியாகப் பதியவில்லை, சென்னைக்குப் போய்ப் பேசிக்கலாம் என்று எல்லோரும் தைரியமாக இருந்தார்கள், பேசவேண்டியவன் ஒருநாள் குளித்துவிட்டு வந்து துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. சரி, அவன் குரலை நானே பேசிடறேன் என்று பட முதலாளியிடம் போய்க் கேட்டதும் ஏகாம்பரம்தான். முதலாளி யோசித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சா நீங்க, முடியலைன்னா வெளியில அந்த மிமிக்ரிக்காரர் நிக்கிறாரு, அவரு ஆரம்பத்துல இருந்து பேசிடட்டும், ஒரே வாய்க்கு ரெண்டு குரல் வைக்க முடியாது பாருங்க, என்றார். நியாயம்தான். பேச்சையெல்லாம் ஏகாம்பரம் எப்படியோ பேசிவிட்டார். மருதப்பன் பேச்சு யாருக்குத் தெரியாது, வாயில் வெற்றிலை இல்லாமலே வெற்றிலை போட்டவன் மாதிரி பேசுவான், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கொஞ்சம் வழுக்குவான். அதெல்லாம் வந்துவிட்டது. இது ஒன்றுதான் வரவில்லை. இது பேச்சுமில்லை. கை விழுந்ததும் வருமே ஒரு சத்தம், அது. "அண்ணே, இன்னொண்ணு போலாமா?" என்று தலைக்கு மேலே ஸ்பீக்கரில் பிரான்சிஸ் கேட்டார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்கிறவர், நல்ல மனுஷர், காலையிலிருந்து ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. திட்டினால் தேவலை.

கோடு ஓரத்தைத் தொட்டது, திரையில் கை விழுந்தது. ஏகாம்பரம் அடிவயிற்றை எக்கி, "ஹ்ஹுக்" என்றார். சரியில்லை என்று பிரான்சிஸ் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. "இருமல் மாதிரி விழுகுதுண்ணே. மருதண்ணன் பண்ணா எப்படி இருக்கும், குடத்தைத் தண்ணிக்குள்ள அமுக்குனா கடைசியில ஒரு சத்தம் வருமில்ல, அப்படி." எனக்குச் சொல்கிறார். அந்தக் குடத்தை அமுக்கின கை என் கை. ஊர் ஊராகப் பிள்ளைகள் ஒருத்தனை ஒருத்தன் முதுகில் குத்திவிட்டு அந்தச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடும், ரயில் நின்றால் ஜன்னலோரம் வந்து, சார், ஒரே ஒரு தடவை அவரை அடிங்க சார் என்று கெஞ்சும், மருதப்பன் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, மச்சான், தம்பிங்க ஆசையா கேக்குதுங்க, ஒண்ணு போடு என்று குனிந்து காட்டுவான். தவுலும் குச்சியும் என்றுதான் போஸ்டரில் போடுவார்கள், பேர் போடமாட்டார்கள், அவன் தவுல், இவர் குச்சி, ஆளைப் பார்த்தாலே தெரியும் எது எது என்று. படத்தில் விழுகிற அடி எதுவும் அடியே இல்லை, அது ஜனங்களுக்குத் தெரியாது. கை கன்னத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிடும், தலையைச் சுழற்றுவது மருதப்பன் வேலை. கை வருவதை அவன் பார்க்கக்கூடாது, பார்த்தால் கண் சிமிட்டும், கண் சிமிட்டினால் சிரிப்பு செத்தது. அதனால் ஏகாம்பரம் அடிப்பதற்கு முன்னால் மூக்கால் காற்றை இழுப்பார், சுருக்கென்று ஒரு இழுப்பு, பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும் கேட்கும், அவன் தலை சுழலும். நிஜ அடி எல்லாம் இங்கே, இந்த இருட்டில்தான். அடி விழாம எனக்கு அந்தச் சத்தம் வராது மச்சான் என்று முதல் படத்திலேயே சொல்லிவிட்டான். அவன் மைக்கைப் பார்த்து நிற்பான், ஏகாம்பரம் பின்னால் ஒரு பக்கமாக நிற்பார், திரையில் கை விழும்போது இங்கே முதுகில் ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையால் ஒன்று. சத்தம் வரும். ஓகே. அடுத்த லூப். ஒரு படத்துக்கு இத்தனை அடி என்று எழுதுகிறபோதே எழுதிவிடுவார்கள், லூப் சரியாக அமையாவிட்டால் அதற்கு மேலும் விழும், அவன் சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் நிற்பான், கசங்கிடும் மச்சான், வீட்ல கேப்பா.

வெளியே வராந்தாவில் யாரோ சிரித்தார்கள், கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது, அந்தச் சிரிப்புக்கு நடுவில் மருதப்பன் பேசினான். "என்ன மச்சான், நேத்து அடிச்சது பத்தாதுன்னு இன்னிக்கும் வந்துட்டியா?" ஏகாம்பரத்தின் கழுத்து தானாகத் திரும்பியது. பாதி திரும்பின பிறகுதான் புத்தி வந்தது. மிமிக்ரிக்காரர். காலையில் வரும்போதே பார்த்தார், நாற்பது வயசிருக்கும், நெற்றியில் சந்தனம், கையில் பிளாஸ்க், கல்யாண வீடுகளில் பேசுகிறவராம், ரொம்ப மரியாதையாகக் கும்பிட்டார், குரலைக் கேட்டால் அப்படியே உரித்து வைத்திருக்கிறார். மட்டமாக இருந்தால் கவலையே இல்லை. நன்றாக இருக்கிறது, அதுதான் வம்பு. கேட்கக் கேட்க இதுவே பழகிவிடும். இந்தப் படம் ஓடும், ஜனம் இந்தக் குரலைக் கேட்டுச் சிரிக்கும், அப்புறம் தூக்கத்தில் மருதப்பன் வந்து பேசினாலும் இந்தச் சந்தனக்காரர் குரலில்தான் பேசுவான், எனக்கு வித்தியாசம் தெரியாது. அன்றைக்கு அவன் பாடைக்குப் பக்கத்தில் நின்றபோதும் இப்படித்தான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தெரு முழுக்கக் கூட்டம். மாலையைப் போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக் குனிந்தார், பின்னாலே ஒருத்தன் பக்கத்திலிருக்கிறவனிடம், இரு இரு, இப்ப குச்சி ஒண்ணு போடுவான் பாரு, தவுல் எந்திரிச்சு உக்காந்துரும் என்றான், சின்னதாக ஒரு சிரிப்பு கிளம்பி, பரவி, யாரோ சேச்சே என்று அதட்டி அடங்கியது. கேட்டுவிட்டுக் கோபம் வரவில்லை. கை எழுந்தது. நிஜமாகவே எழுந்தது, ஒரு சாண், அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார், கும்பிடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். மணப்பாறைக் கொட்டகையில் இதே கைதான் முதலில் எழுந்தது. சின்ன வயசு, நாடகக் கம்பெனி, ராஜா சபையில் ரெண்டு ஓரத்திலும் ரெண்டு காவல்காரர்கள், பேச்சு கிடையாது, சும்மா நிற்கணும். மருதப்பன் நின்றபடியே தூங்கிவிட்டான், குறட்டை வேறு, ராஜா பாட்டுப் பாடுகிறார், இவன் குறட்டை சுருதியில் சேரவில்லை. ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை, சபையின் குறுக்கே நடந்துபோய் ஈட்டிக்கட்டையால் முதுகில் ஒன்று வைத்தார். குடம் முழுகியது. கொட்டகை முழுக்கச் சிரித்ததில் ராஜா பாட்டை நிறுத்திவிட்டார். வேலை போச்சு என்று ரெண்டு பேரும் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது கம்பெனி வாத்தியார் வந்து, "மருதா, நாளைக்கும் தூங்குடா. ஏகா, நீ நாளைக்கும் அடி. இன்னிக்கு மாதிரியே, நடந்துபோய், அவசரப்படாம" என்றார். அவ்வளவுதான் அவர்கள் கற்றுக்கொண்ட கலை. அதை வைத்துக்கொண்டு கோடம்பாக்கம் வந்து, ஸ்டூடியோ ஃப்ளோரில் லைட்டுச் சூட்டில் வெந்து, வாளியில் விழுந்து, ஏணியில் தொங்கி, மாவு மூட்டை கவிழ்ந்து, மேலே மேலே போனார்கள், அப்புறம் கலர் வந்தது, கதாநாயகனே விழுந்து எழுந்து சிரிப்புக் காட்ட ஆரம்பித்தான், ஒரு படத்தில் ரெண்டு சீன் என்றானது, அப்புறம் ஒரு சீன், அந்த ஒரு சீனும் இப்போது இந்தத் திரையில் சுற்றுகிறது. மருதப்பன் விரலைத் தூக்குகிறான். என்னடா சொல்ல வந்தே. எழுதிக்கொடுத்ததில் ஒன்றும் இல்லை, சொல்ல வருவான், அடி விழும், அதுதான் சீன். ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஏகாம்பரத்துக்கு, இந்தத் தடவை அந்தக் கை விழாமல் கொஞ்சம் பொறுத்தால் என்ன சொல்கிறான் என்று கேட்டுவிடலாமே என்று தோன்றியது. கை பொறுக்கவில்லை. ஒல்லியான, நரம்போடிய, முழங்கைக்கு மேலே சட்டை மடித்த கை. யாருடையதோ மாதிரி இருந்தது.

"தண்ணி குடிக்கிறீங்களாண்ணே?" என்றாள் பின்வரிசையிலிருந்து செண்பகம். மருதப்பன் பெண்டாட்டி. காலையில் ரிக்‌ஷாவில் தனியாக வந்து இறங்கினாள், அவர் வாயில யாரு பேசப்போறாங்கன்னு நான் பாக்கணும் என்றாள், யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும். வெள்ளைப் புடவை இருட்டில் லேசாகத் தெரிகிறது. ஒரு லூப்புக்கும் அவள் நிமிர்ந்து திரையைப் பார்க்கவில்லை, ஏகாம்பரம் கவனித்தார், பேச்சு வரும்போது மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்பாள், மீதி நேரம் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் படம் பார்த்து எவ்வளவு காலமிருக்கும். கல்யாணமான புதுசில் அவள் ஊர் டூரிங் டாக்கீஸில் மாப்பிள்ளை படம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள், முதல் அடி விழுந்தது, ஊரே சிரித்தது, அவள் அப்பா அம்மாகூடச் சிரித்தார்கள், செண்பகம் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு வெளியே போனவள்தான். அதெல்லாம் பொய்யடி தங்கச்சி, கை மேலயே படாது என்று ஏகாம்பரம் சொல்லிப்பார்த்தார். "மேல படாததுக்கு முதுகு ஏன் செவந்து கெடக்கு?" என்றாள். அவர்கள் வீட்டில் எத்தனை வேளை சாப்பிட்டிருக்கிறார், குழம்பு நன்றாகத்தான் ஊற்றுவாள், ஆனால் ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைப் பார்ப்பாள். உள்ளே எண்ணெய் காயும் வாசம் வரும், விளக்கெண்ணெயும் கற்பூரமும், மருதப்பன் குப்புறப் படுத்துக்கொள்வான், இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே கிளம்புவது. சாலிகிராமத்தில் மாடி அறை, ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஸ்டவ். பெண் பார்க்கப் போனார்கள் ஒரு தடவை, மருதப்பனே ஏற்பாடு செய்தது, பெண்ணைப் பெற்றவர் காப்பி கொடுத்து உபசரித்துவிட்டு, மருதப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பா நினைக்காதீங்க, எதுக்கெடுத்தாலும் கை நீட்டுற மனுஷனுக்கு எப்படிங்க பொண்ணைக் குடுக்கிறது என்றாராம். மருதப்பன் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான், இவரும் சிரித்தார், இறங்குகிற இடம் வரைக்கும் சிரித்தார்கள், அப்புறம் வேறு பெண் பார்க்கவில்லை. காலம் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் இத்தனை வயசில் என் முதுகில் ஒரு கை பட்டதில்லை. சின்னதில் அம்மா அடித்திருப்பாள், ஞாபகமில்லை. வாத்தியார் அடிக்கமாட்டார், பட்டினி போடுவார். படத்தில் எவனும் என்னை அடித்ததில்லை, குச்சியை யார் அடிப்பார்கள், குச்சிதான் அடிக்கும். முதுகு என்று ஒன்று இருப்பதே சட்டை போடும்போதுதான் தெரியும். மருதப்பன் மறுபடியும் திரும்பிப் பார்த்தான்.

"ஹ்ஹக்." "இல்லண்ணே." "ஹுக்." "கிட்ட வருது, ஆனா நடிக்கிற மாதிரி இருக்கு." நடிக்கிற மாதிரி. கோடு ஓடியது. கேண்டீனிலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசம் வர ஆரம்பித்துவிட்டது, இன்னும் கொஞ்சத்தில் மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவார்கள், திரும்பி வரும்போது இந்த இடத்தில் சந்தனம் வைத்த மனுஷர் நிற்பார், என்ன மச்சான் என்பார், எல்லோரும் ஆஹா என்பார்கள். ஏகாம்பரத்துக்கு வேர்த்தது. ஏசி போட்ட அறையில் காதுக்குப் பின்னால் வேர்வை இறங்கியது. சட்டைப் பொத்தானைக் கழற்றினார். எதற்கென்று யோசிக்காமலேதான் கழற்றினார், சட்டையை மடித்து நாற்காலியில் வைத்தார், பனியனோடு நின்றார், அப்புறம்தான் வாய் சொன்னது. "பிரான்சிஸ், யாரையாவது உள்ள அனுப்புங்க. என்னை ஒரு அடி அடிக்கணும்." "என்னண்ணே சொல்றீங்க?" "முதுகுல அடிச்சாத்தான் வரும். அவனுக்கே அப்படித்தான் வரும்." மெஷின் அறையிலிருந்து வந்த ஆபரேட்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாமி, பெரியவங்க மேல கை வைக்கச் சொல்லாதீங்க, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு என்றான். பிரான்சிஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் மிமிக்ரிக்காரரையே கூப்பிட்டார்கள். அவர் வந்ததும் குனிந்து ஏகாம்பரத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உங்களைப் பாத்துத்தாங்கய்யா நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்." "சரிங்க, திரையில என் கை விழும்போது நீங்க இங்க போடுங்க." லூப் ஓடியது, கை விழுந்தது, முதுகில் தூசி தட்டுகிற மாதிரி ஒன்று பட்டது. "பலமா போடுங்க." இன்னொன்று. திருநீறு பூசிவிடுகிற மாதிரி இருந்தது. "மன்னிச்சிருங்க, எனக்கு மனசு வரலை" என்று நகர்ந்தவர், கொஞ்சம் நின்று, தொண்டையைச் செருமி, "நான் வேணும்னா அந்தச் சத்தத்தை மட்டும் பேசிக் காட்டட்டுங்களா?" என்றார். ரொம்பப் பணிவாகத்தான் கேட்டார். ஏகாம்பரம் மைக்கைப் பிடித்துக்கொண்டார். மருதப்பன் திரும்பிப் பார்த்து, விரலைத் தூக்கி, அடி வாங்கினான், சத்தமில்லாமல். திரும்பிப் பார்த்து, விரலைத் தூக்கி. பின்னால் நாற்காலி மடங்கும் ஓசை கேட்டது.

"நீங்க தள்ளிக்கங்க தம்பி" என்றாள் செண்பகம், மிமிக்ரிக்காரரைப் பார்த்து. ஏகாம்பரம் திரும்பாமல், "தங்கச்சி, நீ போய் உக்காரு, இது உனக்கு ஆகாது" என்றார். "எங்கன்னு சொல்லுங்க." "வேண்டாம்மா." "சரி, சொல்லவேண்டாம். எண்ணெ தேய்ச்சவளுக்குத் தெரியாதா எந்த இடம்னு." புடவையை இழுத்துச் செருகுகிற சரசரப்பு கேட்டது. பிரான்சிஸ் பதிவு செய்கிற சுவிட்சைத் தட்டினார், சிவப்பு பல்பு எரிந்தது. கையை எப்போது போடுவது என்று தெரிய அவள் திரையைப் பார்த்தாக வேண்டும், ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் அது உறைத்தது, பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் கண் சிமிட்டும். இதுதானா. இப்படித்தான் நின்றானா இத்தனை காலமும், முன்னால் ஒரு மைக், பின்னால் யாரோ ஒருத்தர், எப்போது என்று தெரியாமல். வெள்ளை. கோடு ஊர்ந்து வந்தது. தோள்பட்டைக்கு நடுவில் தோல் தானாகச் சுருங்கியது, மயிர்க்கால் குத்திட்டது, அங்கே ஒரு இடம் இருக்கிறது என்று உடம்பு முதல் தடவையாகச் சொன்னது. மருதப்பன் திரும்பிப் பார்த்தான். பின்னால் அவள் மூச்சை இழுப்பது கேட்டது, மூக்கால் இல்லை, வாயால், அழப்போகிறவர்கள் இழுக்கிற மாதிரி. மருதப்பன் விரலைத் தூக்கினான். அடி விழுந்தது. அவர் நினைத்த அடி இல்லை அது, ஒரு பெண்பிள்ளை கை, சோறு வடிக்கிற கை, இத்தனை வருஷம் குழம்பு ஊற்றும்போது அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்து இறங்கியது, கண்ணுக்குள் வெளிச்சம் தெறித்தது, நெஞ்சில் இருந்த காற்று அவரைக் கேட்காமல் கிளம்பி வாய்வழியாகப் போனது. குடம் முழுகியது. திரையில் அவன் தலை சுழன்று நின்றது.

மிமிக்ரிக்காரர் சுவரோரமாகக் கை கட்டி நின்றார். ஸ்பீக்கர் கரகரத்தது. "ஓகேண்ணே" என்றார் பிரான்சிஸ், அவ்வளவு மெதுவாக. ஏகாம்பரம் மைக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். எரிந்தது. உள்ளங்கை அளவுக்கு, விரல் விரலாக எரிந்தது, உள்ளே எலும்புவரைக்கும் போய் நின்றது. இது வலிக்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு படத்துக்கு எத்தனை. எத்தனை படம். ரயில் ஜன்னலுக்கு எத்தனை.

"வலிக்குதாண்ணே?" செண்பகத்தின் குரல் கிட்டத்தில் கேட்டது.

"இல்ல தங்கச்சி."

"அவரும் இதேதான் சொல்லுவாரு" என்றாள். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, லூப் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, நிறுத்த மறந்துவிட்டார்கள்.

"அண்ணே, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றது ஸ்பீக்கர். "ஒரு சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்து வெச்சுக்கலாமா?"

ஏகாம்பரம் பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். மைக்கைப் பார்த்து, காலைக் கொஞ்சம் அகட்டி, முதுகைக் கொடுத்து நின்றார்.